அந்தமான் அக்காவின் முகவரி

அந்தமான் அக்காவிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவார். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு நாங்கள் முதல் வாரத்திலேயே மூன்று விஷயங்கள் சொல்லிவைப்போம். தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும், பால் பூத் எங்கே இருக்கிறது, அந்தமான் அக்காவிடம் எதையும் கேட்காதே.

எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. எண்பதுகளின் நடுவில், கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டைத் தாண்டி ஏரிப் பக்கமாக வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தபோது, அந்தத் தெருவுக்கு முதலில் வந்தவர்களில் நானும் ஒருத்தி. சானடோரியம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. ஒருநாள் ஜுரம் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மேட்னி ஷோவுக்குப் போய்விட்டேன். எங்கள் தலைமையாசிரியை நல்ல மனுஷி. வழியில் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருக்கிறார். வீடு பூட்டியிருக்கவே பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார்.

"டீச்சரா? சினிமாவுக்குப் போயிருக்காங்க. ஆறு மணிக்கு வந்துடுவாங்க. உள்ள வந்து உக்காருங்கம்மா, டீ போடறேன்" என்றிருக்கிறார் அக்கா.

நான் திரும்பி வந்தபோது தலைமையாசிரியை அக்கா வீட்டில் உட்கார்ந்து எனக்கு வாங்கிய ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் முழுக்க எனக்கு ஜுரமே வரவில்லை.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று கத்தினேன்.

"கேட்டாங்களே டீச்சர்" என்றார் அக்கா.

எப்போதும் இதுதான் பதில். கேட்டாங்களே. எதிர்த்தாற்போல் இருந்த காலி மனையை விற்க ஒரு புரோக்கர் ஆறு மாதமாக அலைந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்திலிருந்து ஒரு குடும்பத்தையே ஆட்டோவில் அழைத்து வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல், கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம், "மழைக்காலத்துல இங்க தண்ணி நிக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

"முட்டி வரைக்கும் நிக்கும். போன வருஷம் எங்க வீட்டு அடுப்படிக்கு ரெண்டு பாம்பு வந்துச்சு. ஒண்ணைத்தான் புடிச்சாங்க."

குடும்பம் அதே ஆட்டோவில் திரும்பிப் போயிற்று. "இன்னாக்கா இது, என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே! நீ பாட்டுக்குக் கோலம் போட்டுகினு இருக்க வேண்டியதுதான?" என்று புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். அக்காவுக்கு அவர் மேல் நிஜமாகவே இரக்கம். அவரை உட்காரவைத்து இட்லி போட்டார்.

அக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் போர்ட்பிளேரில். தாம்பரத்தில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கிற ஷெட்டில் வேலை செய்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். அந்தமான்காரர்கள் நம் ஊரை மெயின்லேண்டு என்பார்கள். அக்காவும் அப்படித்தான் சொல்வார். "மெயின்லேண்டுல வெயில் ஜாஸ்தி டீச்சர்." நம்மிடம் தமிழ் பேசுவார். தோட்டத்தில் நுழைகிற ஆடுகளை மட்டும் இந்தியில் திட்டுவார். தெரு ஆடுகளுக்கு அந்த இந்தி நன்றாகப் புரிந்தது.

அக்கா கல்யாணமாகி வந்த காலத்தில், தீவில் இருப்பவர்களுக்கு பாஸ்போர்ட் வேண்டுமென்றால் அங்கேயே ஓர் ஆபீசில் மனு கொடுக்கலாமாம். அங்கே ஒரு மேஜை, ஒரு குமாஸ்தா. அந்தக் குமாஸ்தாவுக்கு ஊரில் எல்லோரையும் தெரியும். பிறகு ஒரு நாள் அந்த மேஜையை எடுத்துவிட்டார்கள். எல்லாம் ஒரே இடத்தில் நடந்தால் ஒழுங்காக இருக்கும், இனி மெட்ராஸுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஒழுங்கைப் பற்றி எனக்குத் தெரியாது. மனு கப்பலில் இங்கே வரும். ஆள் யார் என்று விசாரிக்கச் சொல்லி ஒரு காகிதம் கப்பலில் அங்கே போகும். அங்கிருந்து பதில் மறுபடி கப்பலில் வரும். நடுவில் புயல் வந்தால் கப்பலே வராது. ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தால் எல்லாம் முதலிலிருந்து. வெளிநாட்டில் வேலை கிடைத்தவன் பாஸ்போர்ட்டுக்காக ஒன்றரை வருஷம் காத்திருந்தால் எவன் அவனுக்கு வேலையை வைத்துக்கொண்டிருப்பான்?

அதனால் தீவுக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மெட்ராஸில் தெரிந்தவர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால் விசாரணை இங்கேயே முடிந்துவிடும். அக்காவுக்குத் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் அவர் முகவரியைக் கேட்டு எழுதினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் முடியாது என்றிருப்பார்கள், அல்லது சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு போலீஸ் வரும்போது வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார்கள். அக்காவுக்கு இரண்டுமே முடியவில்லை. அவர் தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். "என் அட்ரஸ் போட்டா ஆளும் என் வீட்ல இருக்கணும்." மனு போட்ட நாளிலிருந்து போலீஸ் வந்து விசாரிக்கும் நாள்வரை அந்த ஆள் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, அங்கேயே வசிக்க வேண்டும். அப்போதுதான் அக்காவால் "ஆமாம், இங்கேதான் இருக்கார்" என்று சொல்ல முடியும்.

இப்படியாக அந்த இரண்டு அறை வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் போலீசுக்காகக் காத்திருந்தார். கப்பலில் தேங்காய் மூட்டையோடும் கருவாட்டோடும் வந்து இறங்குவார்கள். ஒரு வாரம் மின்சார ரயிலை வேடிக்கை பார்ப்பார்கள். அப்புறம் பொழுது போகாது. கொத்தனார் ஒருவர் வந்தார், சுற்றுச்சுவரில் முன்பக்கத்தைக் கட்டினார். தச்சு வேலை தெரிந்தவர் அடுப்படிக்கு அலமாரி அடித்தார். பெயின்டர் ஒருவர் எங்கள் வீட்டு கேட்டுக்கும் சேர்த்துப் பச்சை அடித்தார். கொத்தனாரை விசாரிக்க போலீஸ் சீக்கிரம் வந்துவிட்டதால் பின்சுவர் மட்டும் பாதியில் நின்றது. அக்காவின் கணவர் ஷிப்டு முடிந்து வந்து, "அடுத்து பிளம்பர் யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்பார்.

விசாரணைக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஏட்டுதான். தொந்தியும் சைக்கிளுமாக வருவார். நாங்கள் அக்கம்பக்கத்தார் சாட்சிக் கையெழுத்துப் போடுவோம். ஒருமுறை அவர் வழக்கம்போல், "எத்தினி நாளா இங்க கீறாரு?" என்று கேட்டார்.

"நாப்பத்தோரு நாள். நடுவுல மூணு நாள் செங்கல்பட்டுல அவங்க அத்தை வீட்டுக்குப் போயிட்டாரு. அதைக் கழிச்சா முப்பத்தெட்டு" என்றார் அக்கா.

ஏட்டு பேனாவை மூடிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தினி வருச சர்வீசுல இப்டி ஒரு சாட்சிய நான் பார்த்ததில்லமா" என்றார். அந்த ஆளுக்கு பாஸ்போர்ட் வந்துவிட்டது.

எல்லாருக்கும் வந்தது. தம்பிக்குத்தான் வரவில்லை.

தம்பி என்றால் அக்காவின் சொந்தத் தம்பி. அக்காவைவிடப் பத்து வயது சின்னவர். போர்ட்பிளேரில் படகு கட்டுகிற இடத்தில் வெல்டிங் வேலை, அதுவும் தினக்கூலி. சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கிற கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுத்தபோது இவரும் தேறிவிட்டார். ஆனால் அவர்கள் முப்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லை. தம்பிக்கு அந்தத் தை மாதம் முப்பது முடிகிறது. அதற்கு முன் ஒருமுறை தீவிலிருந்தே மனு அனுப்பிப் பார்த்து, ஒரு வருஷம் காத்திருந்து, ஏதோ தாள் குறைகிறது என்று திரும்பி வந்திருந்தது. இந்த முறை விட்டால் அவ்வளவுதான். ஆவணியில் கப்பலேறி அக்கா வீட்டுக்கு வந்தார்.

கூச்ச சுபாவம். என்னிடம் பேசும்போது தரையைப் பார்த்துத்தான் பேசுவார். அக்காவோ அவரைத் தெரு முழுக்க அழைத்துக்கொண்டு போய், "என் தம்பி, சிங்கப்பூர் போறான்" என்று காட்டிவிட்டு, "பாஸ்போர்ட் வந்தாத்தான்" என்று உடனே சேர்த்துக்கொள்வார். அவர்களுடைய அம்மா தீவில் தனியாக, சர்க்கரை வியாதியோடு இருந்தார். தம்பி சிங்கப்பூரில் நிலைத்துவிட்டால் அம்மாவை மெயின்லேண்டுக்கு அழைத்துவந்து தன்னோடு வைத்துக்கொள்வது என்று அக்கா முடிவு செய்திருந்தார். அடுப்படிக்குப் பக்கத்தில் அம்மாவுக்குக் கட்டில் போட இடம்கூட அளந்து வைத்திருந்தார்.

ஐம்பத்திரண்டு நாளாகியும் போலீஸ் வரவில்லை. ஐம்பத்து மூன்றாம் நாள் தந்தி வந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம், ஆபத்து, உடனே புறப்படவும்.

மறுநாள் ஒரு கப்பல் இருந்தது. அதை விட்டால் அடுத்தது பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான். விமானமெல்லாம் பெரிய அதிகாரிகள் போகிறது. தீவில் குடியிருப்பவர்களுக்குக் கப்பலில் தனி ஒதுக்கீடு உண்டு, அதில் தம்பிக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அவர் தீவுக்காரர் இல்லையாம், மெயின்லேண்டு ஆளாம். பெற்ற தாயைப் பார்க்கப் போகவும் வரிசையில் நிற்க வேண்டும்.

தம்பி போகமாட்டேன் என்றார். "நான் போன நேரம் போலீஸ் வந்துட்டா என்னக்கா பண்றது?"

"அம்மாடா" என்றார் அக்கா. தம்பி துணிகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

புறப்படும்போது தம்பி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "டீச்சர், போலீஸ் வந்தா நீங்க கொஞ்சம் கூட இருங்க. அக்கா, நீ 'வெளிய போயிருக்கான்'னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத. எனக்காக."

"சரிடா" என்றார் அக்கா.

எனக்குக் காலாண்டு விடுமுறை. அன்று சாயங்காலமே அக்காவை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். நான்தான் ஏட்டு.

"தம்பி எங்கம்மா?"

"வெளிய போயிருக்கான்."

"எங்க?"

"போர்ட்பிளேர்."

நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் அதே பதில். அக்காவுக்கே சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. கடைசியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். "நீங்க வாயையே திறக்காதீங்க. நான் பேசிக்கறேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஏட்டு வந்துவிட்டார். ஐம்பத்து நாலு நாள் வராதவர், தம்பி கப்பலேறிய மறுநாள் வந்தார். அக்காவுக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் உள்ளே ஓடிப்போய், வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி வெளில போயிருக்காரு சார். இங்கதான் இருக்காரு. ஐம்பது நாளுக்கு மேல ஆச்சு" என்றேன் நான். ஒரு ஆசிரியை இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லலாமா என்றால், எனக்கு அதில் வெட்கமே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

ஏட்டு அக்காவைப் பார்த்தார். "இன்னாம்மா, இன்னிக்கு சத்தத்தையே காணோம்? நாள் கணக்கு சொல்ல மாட்டியா?"

அக்கா மென்றுகொண்டே நின்றார். அந்த மனுஷருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "சரி சரி, அது உன் தம்பின்னு எனக்குத் தெரியும். இத்தினி நாளா நானே பார்த்துகினுதான் கீறேன். கையெழுத்து போடு, நான் கெளம்பறேன்" என்றார்.

நான் முதலில் போட்டேன். அக்கா காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். இந்த நபர் இப்போது இந்த முகவரியில் வசித்து வருகிறார் என்று அதில் இருந்தது. மறுபடியும் படித்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது. ஏட்டு காகிதத்துக்குக் கையை நீட்டினார். அக்கா இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்துக்குக் கீழே, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாக.

'நேற்றைய கப்பலில் போர்ட்பிளேர் போயிருக்கிறார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.'

"ஐயையோ! இன்னாம்மா இது!" ஏட்டு எழுந்தேவிட்டார். "வாயால சொல்லியிருந்தா நான் காதுல விழாத மாதிரி போயிருப்பேனே. எழுதிட்டியே!"

"வேற பேப்பர் இல்லையா சார்? கிழிச்சுட்டு வேற எழுதலாமே" என்று கெஞ்சினேன்.

"மேலேர்ந்து நம்பர் போட்டு வர்ற பேப்பர் டீச்சர். ஒண்ணுதான் வரும். கிழிச்சா எனக்குப் பேஜாரு." அவர் அதை மறுபடி ஒருதடவை படித்தார். பிறகு பைக்குள் வைத்துக்கொண்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்று நான் அக்காவைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. உங்களுக்கு உங்கள் நல்ல பெயர்தான் பெரிது, தம்பி வாழ்க்கை பெரிதில்லை என்றுகூடச் சொன்னேன். அக்கா வாசலில் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். வாயெல்லாம் சிவப்பு.

"கையெழுத்தைப் போட்டுட்டு விட்டுடணும்னுதான் நெனைச்சேன் டீச்சர். சத்தியமா. கை கேக்கலை."

நாலு நாள் கழித்து அடுத்த தந்தி வந்தது. அம்மா போய்விட்டார். அக்கா பின்பக்கம் அடிபம்புக்குப் போய்த் தானே அடித்துத் தானே தலையில் ஊற்றிக்கொண்டார். நான் ஓடிப்போய் மிச்சத்துக்கு அடித்தேன். கப்பல் இல்லை, டிக்கெட் இல்லை. அம்மா அங்கே இருந்தார், மகள் இங்கே தாம்பரத்தில் நனைந்துகொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை. அதையும் வைத்துக்கொண்டுதான் பம்பு அடித்தேன்.

கொடுத்த முகவரியில் ஆள் இல்லாததால் மனு நிராகரிக்கப்பட்டது என்று ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பின்னால்தான் தம்பி வந்தார், காரியமெல்லாம் முடித்து மொட்டைத் தலையோடு. அப்போது நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். பையைக் கீழே வைக்கும் முன்னாலேயே, "போலீஸ் வந்தாங்களா?" என்று கேட்டார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். வெற்றிலை போட்டது, நான் பொய் சொன்னது, ஏட்டு விட்டுக்கொடுத்தது, தான் எழுதியது என்ன என்பதை எழுத்துக்கு எழுத்து. கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தார். தம்பி அதைப் படித்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார். திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று நான் பயந்தேன். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டார்.

"அம்மா என்னைக் கேட்டாங்களாடா?"

தம்பி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டாங்கக்கா. உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. 'வந்துட்டாளா, வந்துட்டாளா'ன்னு."

அக்கா அவர் மடியில் விழுந்து அழுதார். அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக யாரும் அழுது நான் கேட்டதில்லை. தம்பி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த கப்பலுக்கு அவர் கிளம்பியபோது எனக்குப் பள்ளிக்கூடம் போகிற நேரம். தாம்பரம் ஸ்டேஷன் வரை ஒன்றாகப் போனோம். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, பழையபடி தரையைப் பார்த்துச் சொன்னார்.

"டீச்சர், நான் போறதுக்கு முந்தியே அம்மாவுக்குப் பேச்சு நின்னு போச்சு. கண்ணும் திறக்கலை. என்னையே தெரியலை. அங்க சொந்தக்காரங்க கிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் அக்கா கிட்ட..."

"சரி தம்பி" என்றேன்.

பீச் ஸ்டேஷன் போகிற மின்சார வண்டி வந்தது. அவர் ஏறிக்கொண்டார், நான் பெண்கள் பெட்டிக்குப் போனேன். தை பிறந்தது, முப்பது முடிந்தது. தீவில் அதே படகுப் பட்டறையில் அதே வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். விஷயம் கப்பலோடு அங்கே போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு யாரும் அக்காவின் முகவரியைக் கேட்டு எழுதவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் பொத்தேரிப் பக்கம் வீடு மாறிப் போகும்வரை அக்காவைத் தினமும் பார்த்தேன். அவர் மாறவே இல்லை. புதிதாக வந்தவர்கள் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒருமுறை வேறு யாரையோ விசாரிக்க வந்த அந்த ஏட்டு, நானும் அக்காவும் பேசிக்கொண்டு நின்ற அக்கா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கொஞ்சம் தயங்கி, "அம்மாவுக்கு அப்பால இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டார்.

"போயிட்டாங்க சார். என்னால போக முடியலை. ஆனா கடைசி வரைக்கும் என் பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றார் அக்கா. "தம்பி கூடவே இருந்தான், அவன் சொன்னான். டீச்சருக்கும் தெரியும்."

ஏட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.